தோட்டத்தில் ஒரு மீட்டர் கேஜ்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில், 2009-ஆம் ஆண்டு இயந்திரவியல் பிரிவு மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்து, "நீ பம்ப் கம்பெனியிலே டிசைன்லதானே இருக்கே, அதைப் பற்றிப் பேசு" என்றார். "அண்ணே, பம்பைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்க வீட்டுத் தோட்டத்திலே ரயில் பாதை போட்டிருக்கேன், அதைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எத்தனை வயசுப்பா உனக்கு?" என்றார். முப்பத்தெட்டு. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இது பொம்மை ரயில் பேச்சு என்று நினைத்து யாரும் வெளியே போய்விட வேண்டாம். ஓடுகிற வண்டி சின்னதுதான். அதன் மேல் பெய்கிற மழையும் அடிக்கிற வெயிலும் சின்னது அல்லவே! ரயில்வேக்காரர்கள் படும் பாடு முழுவதும் அந்த மூன்று சென்ட் நிலத்துக்குள் இருக்கிறது.

முதலில் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை. இங்கிலாந்தில் பெக்கன்ஸ்காட் என்ற மாதிரிக் கிராமத்தை 1929-ல் திறந்தார்கள். வீடு, சர்ச், கடைத்தெரு எல்லாம் முழங்கால் உயரம். அதற்குள் ரயில் ஓடுகிறது, இன்றும் ஓடுகிறது. அதற்கு முன்பே வசதி உள்ளவர்கள் தோட்டத்தில் ரயில் விட்டிருக்கிறார்கள். ஆனால் சாதாரணக் குடும்பத்துத் தோட்டத்துக்கு ரயிலைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து லேமன் கம்பெனி. 1968-ல் எல்.ஜி.பி. என்ற பெயரில், மழையில் நனைந்தாலும் ஓடும் ரயிலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே 45 மில்லிமீட்டர். அளவு விகிதம் 22.5-க்கு 1.

இதில்தான் எனக்கு ஆச்சரியம். 45-ஐ 22.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். 1012 வருகிறது, அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆல்ப்ஸ் மலையின் சின்ன ரயில்களை நினைத்து அவர்கள் வைத்த அளவு அது. அதுவேதான் நம்ம மீட்டர் கேஜ்! 1870-களில் இந்தியாவில் செலவு குறைந்த பாதை வேண்டும் என்று மேயோ பிரபு காலத்தில் தேர்ந்தெடுத்தது. நம் தென் மாவட்டங்களில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 1992-ல் ஒரே கேஜ் திட்டம் வந்த பிறகு ஒவ்வொரு பாதையாக அகலமாயிற்று. இன்று தமிழ்நாட்டில் மீட்டர் கேஜ் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம் போய் ஊட்டி ரயிலைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான தோட்டங்களில் ரோஜாச் செடிக்கு நடுவே அதே கேஜ் குட்டியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

என் வகுப்பில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் நாங்கள் ஐந்து பேர். முதல் இரண்டு வருஷமும் வார விடுமுறைக்கு மீட்டர் கேஜ் பாசஞ்சரில்தான் ஊருக்குப் போவோம். அது போகிற வேகத்தில் இறங்கி நடந்தால் முந்திவிடலாம் என்று கேலி செய்வோம். எங்கள் அப்பா அந்தக் கேலியை ரசிக்க மாட்டார். காரணம், அவர் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் கீமேன். சுத்தியல், ஸ்பானர், சிவப்புக் கொடியோடு தினமும் தன் எல்லையை நடந்து, ஒவ்வொரு இணைப்பாகத் தட்டிப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. கடைசியில் மேஸ்திரியாக ஓய்வு பெற்றார். 1904-ல் திறந்த அந்தப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டி 2010-ல் நின்றது. அகலப்பாதையாகி 2018-ல் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகு அந்த வண்டியில் அப்பா ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு அங்கன என்ன சோலி?" என்பார். அவ்வளவுதான் பதில்.

இருக்கட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

இணையத்தில் படம் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் வாங்குவது இன்ஜின். அதைக் கடைசியில் வாங்குங்கள், அல்லது செய்யுங்கள். முதலில் வேண்டியது ஒரு மழைக்காலம். எங்கள் வீட்டுக்குப் பின்னால் அறுபதடி நீளம், இருபத்திரண்டு அடி அகலத்தில் ஓர் இடம். இரண்டு தென்னை, ஒரு வேம்பு, அம்மாவின் பிச்சிப்பூக் கொடி, துணி காயப் போடும் கம்பி, ஒரு போர்வெல். ஐப்பசி, கார்த்திகை மழையில் குடையோடு நின்று தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று மட்டும் பார்த்தேன். அறிவியல் கருவி என்று சொன்னால் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி. தண்ணீர் நின்ற விளிம்பில் மழை விட்டதும் கோடு போட்டுக்கொண்டேன். மாடி ஓட்டுத் தண்ணீர் முழுவதும் வடக்கு மதிலை நோக்கி ஓடுகிறது. டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் வீட்டுச் சுவரிலிருந்து மதில்வரை தரை 30 சென்டிமீட்டர் இறங்குகிறது. பாதை வளையமாகப் போக வேண்டுமென்றால் அந்தத் தண்ணீரை எங்கேயாவது ஓர் இடத்தில் தாண்டியே ஆக வேண்டும்.

அடுத்து மனிதர்கள். கம்ப்யூட்டரில் அழகாக வரைந்துவிட்டு அம்மாவிடம் காட்டினேன். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை. "எய்யா, நான் தண்ணிக்குடத்தோட இதைத் தாண்டணுமா?" என்று ஒரே கேள்வி. அதன் பிறகு படத்தை மூடிவைத்துவிட்டு, பழைய கயிற்றுக் கொடியைத் தரையில் பாதை போலப் போட்டு ஒரு வாரம் விட்டுவிட்டேன். குடத்தோடு நடந்தார்கள், துணி காயப் போட்டார்கள், என் மகள் சைக்கிள் ஓட்டினாள். கயிறு எங்கெங்கே காலில் தட்டியதோ அங்கெல்லாம் நகர்த்தினோம். மாணவர்களுக்குச் சொல்கிறேன், இது செலவே இல்லாத வேலை. பாதை போட்ட பிறகு அம்மாவிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. பிச்சிக்கொடிக்குப் பக்கத்தில் வண்டி ஹாரன் அடிக்கக் கூடாது என்பதைத் தவிர. ஏன் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

வளைவு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? உங்களிடம் இருக்கும் நீளமான பெட்டியைப் போல் மூன்று மடங்காவது ஆரம் வேண்டும். அதற்குக் குறைந்தால் வண்டி ஓடலாம், ஆனால் பெட்டி வளைவில் தொங்கிக்கொண்டு போவது கண்ணுக்கு அசிங்கம். மீட்டர் கேஜ் பயணிகள் பெட்டி ஏறக்குறைய 19 மீட்டர். நம் விகிதத்தில் 85 சென்டிமீட்டர் வருகிறது. அதற்கு இரண்டரை மீட்டர் ஆரம் வேண்டும், தென்னை மரம் விடவில்லை. எனவே பெட்டியை 80 சென்டிமீட்டராக்கி, ஆரத்தை 2.4 மீட்டர் வைத்தேன். முதல் பெட்டி செய்து முடித்ததும் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒரு ஜன்னலைக் காணோமே?" என்றார். ஐந்து சென்டிமீட்டர் எங்கே போயிற்று என்று என்னை ஆடிட்டர்கூட அப்படிக் கேட்டதில்லை.

அதுவரை அவர் இந்த வேலையில் தலையிடவில்லை. திண்ணையில் பேப்பர் படிப்பார். ஜன்னலுக்குப் பிறகு திண்ணை காலி.

தரையில் பாதை போடுவதற்குப் பல வழி உண்டு. சிலர் கான்கிரீட் பட்டை போட்டு அதன் மேல் திருகிவிடுகிறார்கள். சிலர் மரக் கால்கள் நட்டு இடுப்பு உயரத்தில் விடுகிறார்கள், குனிய வேண்டாம். நம் ஊரில் மரக் கால் கரையானுக்கு விருந்து. வேர் தள்ளினால் கான்கிரீட் வெடிக்கும், ஒட்டுப் போடவும் வராது. நான் எடுத்துக்கொண்டது நிஜ ரயில்வே வழி. ஆறு அங்குல ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் முக்கால் ஜல்லி, மேலே 6 மில்லிமீட்டர் சிப்ஸ், அதன் மேல் பாதை சும்மா உட்கார்ந்திருக்கும். எதோடும் கட்டவில்லை. தண்ணீர் ஜல்லி வழியாக இறங்கிவிடும். எங்காவது தாழ்ந்தால் தூக்கி, அடியில் சிப்ஸைக் குத்திவிட்டால் போதும்.

ஜல்லியில் ஒரு விஷயம். ஆற்றுக் கூழாங்கல் அழகாக இருக்கிறதே என்று போடாதீர்கள். உருண்டைக் கல் உருளும். கிரஷரில் உடைத்த, மூலை மூலையாக உள்ள கல்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதன் மேல் கொஞ்சம் தூசி போட்டால் இறுகும், அதிகம் போட்டால் மழையில் சகதியாகி அடைத்துக்கொள்ளும். எவ்வளவு என்று நான் ஏதோ சதவீதம் சொல்லப்போனேன். அப்பா ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கி விட்டுப் பார்த்தார். "கை விட்டதும் உதிரணும். கொழுக்கட்டை மாதிரி நின்னா தூசி சாஸ்தி" என்றார். இன்றுவரை எனக்கும் அதுதான் அளவு.

ஸ்லீப்பர் கட்டைக்கு நம் ஜில்லாவில் பனை இருக்கும்போது வேறு எதற்குப் போக? இடித்த வீட்டுப் பனங்கை, வைரம் பாய்ந்தது, கரையான் தொடாது. மீட்டர் கேஜ் கட்டை ஆறடி நீளம், எட்டங்குல அகலம். நம் விகிதத்தில் 8 சென்டிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் அகலம். 3 சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை. மொத்தப் பாதை 32 மீட்டர். கட்டைகள் ஆயிரத்துச் சொச்சம். ஒவ்வொன்றிலும் இரண்டு காடி வெட்டி, அலுமினியப் பட்டையைச் செருகினோம். கடையில் பன்னிரண்டடி நீளத்தில் கிடைக்கும் சாதாரண பிளாட், 10-க்கு 3 மில்லிமீட்டர். வெளிநாட்டுப் பித்தளைத் தண்டவாளம் அழகுதான். அந்த விலைக்கு நான் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கியிருப்பேன். காடி இரண்டுக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் மாறாமல் வர ஒரு ஜிக் செய்துகொண்டால் மகளும் வெட்டலாம், வெட்டினாள்.

இப்போது வெயில். இயந்திரவியல் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். விடிகாலையில் பாதை 22 டிகிரி. சித்திரை மாத மத்தியானம் தொட்டால் சுடும், 60 டிகிரிக்கு மேல். நாற்பது டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.023 மில்லிமீட்டர் நீளும். ஒரு பன்னிரண்டடிப் பட்டை மூன்றரை மில்லிமீட்டர் நீளும். இதுதானே என்று தோன்றும். என் நேர்ப்பாதை ஏழரை மீட்டர். இடைவெளியே விடாமல் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினால் 7 மில்லிமீட்டர் கூடுதல் நீளத்துக்குப் போக்கிடம் கிடையாது, நடுவில் பக்கவாட்டில் வளையும். எவ்வளவு வெளியே தள்ளும் என்று நினைக்கிறீர்கள்? கணக்குப் போட்டால் 14 சென்டிமீட்டர்! ஏழு மில்லிமீட்டர் உள்ளே வந்து பதினாலு சென்டிமீட்டர் வெளியே போகிறது. நிஜப் பாதையில் கோடைக்காலத்தில் ரயில்வேக்காரர்கள் பயந்துகொண்டு நடப்பது இதற்காகத்தான்.

எனவே ஒவ்வொரு இணைப்பிலும் இடைவெளி. இணைப்புத் தகட்டில் போல்ட் ஓட்டை வட்டமாக இருக்கக் கூடாது, நீளமாக இருக்க வேண்டும், பட்டை உள்ளே நகர இடம் வேண்டுமே. எவ்வளவு இடைவெளி என்பது நீங்கள் எத்தனை மணிக்குப் பாதை போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அப்பா சொன்ன அளவு: "உச்சி வெயில்ல போட்டா ஒட்டப் போடு. விடியக்காலம் போட்டா ரெண்டு பத்து ரூவாத் துட்டைச் சேர்த்து வச்ச கனம்." நான் காலிப்பர் வைத்துப் பார்த்தேன். மூன்றரை மில்லிமீட்டர்.

இணைப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பழைய மீட்டர் கேஜ் தண்டவாளம் ஒன்று முப்பத்தொன்பது அடி. அந்தக் கடக்-கடக் சத்தத்தின் தாளம் அந்த நீளத்தில்தான் இருக்கிறது. என் பட்டைகள் அளவுப்படி பார்த்தால் மிக நீளம், சத்தம் அபூர்வமாகத்தான் வரும். அதனால் 53 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை தண்டவாளத் தலையில் ஹாக்ஸா பிளேடால் ஒரு கீறல் போட்டேன். வேறு எந்தப் பயனும் இல்லாத வேலை. ஆனால் இந்தத் தோட்டத்தில் நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆரியங்காவு பக்கம் எங்கேயோ போகிற மாதிரி இருக்கும்.

வளைவை எப்படிச் சரிபார்ப்பது? நான் நடுவில் ஆணி அடித்து, கயிறு கட்டி வட்டம் போடலாம் என்றிருந்தேன். நட்ட நடுவில் தென்னை. அப்பா தூண்டில் நரம்பை எடுத்து வந்தார். ஒரு மீட்டர் நீளத்துக்குத் தண்டவாளத்தின் உள்பக்கம் இழுத்துப் பிடித்து, நடுவில் நரம்புக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு என்று ஸ்கேலில் படித்தார். அரை மீட்டர் நகர்ந்து மறுபடி. ரயில்வேயில் இதற்கு வெர்சைன் எடுப்பது என்று பேர். 2.4 மீட்டர் வட்டமென்றால் 52 மில்லிமீட்டர் வர வேண்டும். நாண் நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தைப்போல் எட்டு மடங்கால் வகுத்தால் அதுதான் வருகிறது. அவருக்கு அந்தச் சூத்திரம் தெரியாது, தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது எண்கள் வரிசையாக இருப்பது. நேர்ப்பாதையில் 0. வளைவு ஆரம்பிக்கிற இடத்தில் சட்டென்று 52 வரக் கூடாது. 13, 26, 39, அப்புறம் 52, பிறகு அப்படியே 52 ஆகப் போக வேண்டும். "பிள்ளையை எழுப்புறப்ப மெள்ளமா தட்டுவியா, பொளேர்னு அடிப்பியா?" என்றார். மூன்றாம் வருஷத்தில் நமக்கு இது மாறுவளைவு என்ற பெயரில் ஒரு அத்தியாயம். பேராசிரியர் மன்னிக்க வேண்டும், எனக்கு அன்றுதான் அது புரிந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் சண்டை. வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்த வேண்டும் என்றார் அவர். நிஜ வண்டிக்குச் சரி, வேகத்தில் வெளியே தள்ளுகிறது. நம் வண்டி மனிதன் நடக்கிற வேகம், தள்ளுவதற்கு ஒன்றுமில்லை. மாறாக, இன்ஜின் முன்னால் இழுக்கும்போது நடுப்பெட்டி உள்பக்கம் சாயத்தான் பார்க்கும், வெளிப்பக்கத்தை உயர்த்தினால் அந்தச் சாய்வுக்கு உதவி செய்வதாகும். இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பின் ஒரு மில்லிமீட்டர் என்று ஒப்பந்தமாயிற்று. பார்வைக்குத் தெரியாது. அவர் மனசுக்குத் தெரியும்.

பாலத்துக்கு வருகிறேன். தரை 30 சென்டிமீட்டர் இறங்குகிறது என்றேன். பாதை அவ்வளவும் இறங்கினால் இன்ஜின் ஏறாது. இரண்டு பக்க வளைவிலும் பத்துப் பத்து சென்டிமீட்டர், அதாவது எண்பதுக்கு ஒன்று என்று சரிவு வைத்தேன். வளைவில் உராய்வு அதிகம், அங்கே சரிவைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், பெரிய ரயில்வேயிலும் அதுவே விதி. மீதி இறக்கத்தில், மதில் ஓரத்தில், தரைக்கும் பாதைக்கும் 20 சென்டிமீட்டர் இடைவெளி வந்தது. தண்ணீர் வெளியேறுவதும் அங்கேதான். பாலம் அழகுக்காக வைக்கவில்லை, தண்ணீர் கேட்டது.

என்ன பாலம் என்பதில் எங்கள் வீட்டில் கேள்வியே இல்லை. தென்மலைப் பக்கம் சாலையில் போனவர்களுக்குத் தெரியும், கழுதுருட்டியில் கருங்கல்லில் கட்டிய பதிமூன்று கண் பாலம். சுமார் நூறு மீட்டர் நீளம். நம் விகிதத்தில் நாலரை மீட்டர். "ஏழு கண் போதுமே, பாதி வேலை மிச்சம்" என்றேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலம் காபி குடிக்கும்போது சொன்னார்: "ஏழு கண் வச்சா அதுக்கு வேற பேரு வையி."

பதிமூன்று என்று முடிவாயிற்று. தூண் எவ்வளவு பருமன், கண் எவ்வளவு அகலம் என்று போட்டோவில் சரியாகத் தெரியவில்லை. நேரில் பார்க்க வேண்டும். பைக்கில் போகலாம் என்று நான் சாவியை எடுத்தேன். "ரயில்லயே போவோம்" என்றார். எட்டு வருஷத்துக்கு மேலாக ஏறாத வண்டி. நான் ஒன்றும் கேட்கவில்லை. செங்கோட்டையில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். மலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, விரலால் ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டே வந்தார். குகைக்குள் போனபோதுதான், "நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றார். அப்புறம் சாலையில் இறங்கி நின்று பாலத்தை ஒரு மணி நேரம் பார்த்தோம். ஒவ்வொரு தூணிலும் எந்த மழைக்காலத்தில் எது நடந்தது என்று சொன்னார். என் நோட்டுப் புத்தகத்தில் அளவுகளைவிட அதுதான் அதிகம் இருக்கிறது.

கட்டிய விதம் இதுதான். பத்தங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்தால் அரை வட்டச் சாரம் கிடைத்துவிடும். கண் 25 சென்டிமீட்டர், தூண் ஒன்பதரை. பதிமூன்றால் பெருக்கிப் பாருங்கள், நாலரை மீட்டர் கச்சிதமாக வரும். வளைவுப் பாலத்தில் ஒரு சூட்சுமம்: ஒவ்வொரு கண்ணும் பக்கத்துக் கண்ணைத் தள்ளுகிறது. இரண்டு பக்கமும் சமமாகத் தள்ளும்வரை நடுத்தூண் ஒல்லியாக இருந்தாலும் நிற்கும். ஒரு கண்ணின் சாரத்தை மட்டும் அவசரப்பட்டு எடுத்தால் தூண் ஒரு பக்கம் சாயும். எனவே பதிமூன்று சாரமும் ஒரே நாளில், நடுவிலிருந்து இரண்டு பக்கமாக எடுத்தோம். கடைசித் தள்ளலைத் தாங்க இரண்டு முனையிலும் கனமான சுவர். வண்டியின் எடைக்கு இவ்வளவும் தேவையா என்றால் தேவையில்லைதான். கொத்தனார் முதலில் சிரித்தார், ஐந்தாவது கண் வந்தபோது தன் பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மின்சாரப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அதில் ருசி குறைவு. தண்டவாளத்தில் கரண்ட் கொடுக்கவில்லை. மழையும் தூசியும் உள்ள இடத்தில் தினமும் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினுக்குள்ளேயே லித்தியம் பேட்டரி மூன்று, ரிமோட் கன்ட்ரோல். அவ்வளவுதான். இன்ஜின் நாம் எல்லோரும் பார்த்த ஒய்.டி.எம்.-4 டீசல். மலைப்பாதையில் பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ளுமே, அதுவும் செய்தேன். கணக்குப்படி ஒன்றே போதும்: நாலு பெட்டியும் இன்ஜினும் சேர்ந்து 13 கிலோ, எண்பதுக்கு ஒன்று ஏற்றத்துக்கு 160 கிராம் இழுவை, உராய்வு தனி. இரண்டாவது இன்ஜின் கண்ணுக்குத்தான். ஆனால் பின்னால் தள்ளுகிறது முன்னால் இழுப்பதைவிட வேகமாக இருந்தால் வளைவில் நடுப்பெட்டியைப் பாதைக்கு வெளியே தள்ளிவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பத்து மீட்டர் ஓடவிட்டு, ஸ்டாப்வாட்சில் ஒன்றுபோல வரும்வரை சரிசெய்தேன்.

பராமரிப்பு என்றால் தினம் பத்து நிமிஷம். ஆடிக் காற்றில் வேப்பிலை பாதையை மூடிவிடும். சாரல் காலத்தில் மரவட்டை தண்டவாளத்தில் ஏறி, நசுங்கி, சக்கரம் வழுக்கும். மயில் வந்து சிப்ஸைக் கிளறிவிட்டுப் போகும், அதைக் கேட்பதற்கு ஆள் கிடையாது. அப்பா காலையில் காபி குடித்ததும் ஒரு சின்னச் சுத்தியலோடு கிளம்பிவிடுவார். 32 மீட்டர் நடக்க அவருக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. ஒவ்வொரு இணைப்பாகக் குனிந்து தட்டுவார். முழங்கால் வலிக்கிறது என்று டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறார். ஒரு முக்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அதை இழுத்துக்கொண்டே நகர்கிறார். கூடவே என் மகள், கையில் ஸ்பானர், சிவப்புக் கைக்குட்டை. போன மாதம் ஒரு நாள் நான் வண்டியை விட, பாலத்துக்கு முன்னால் கைக்குட்டையைக் காட்டி நிறுத்திவிட்டாள். போய்ப் பார்த்தால் மூன்றாவது கண்ணுக்கு மேல் ஒரு போல்ட் லூஸ். சத்தத்திலேயே தெரிந்தது என்கிறாள். தாத்தா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மொத்தச் செலவு என்ன என்று இடைவேளையில் நாலு பேர் கேட்பீர்கள். இரண்டு வருஷத்தில் ஒரு நடுத்தர மொபைல் போன் விலை. அதில் பாதி பேட்டரிக்கும் மோட்டாருக்கும். பனங்கை சும்மா கிடைத்தது.

இப்போது கிழக்கு வளைவில் குகை கட்டுவதாகத் திட்டம். தண்ணீர் உள்ளே ஊறாமல் இருக்க மேலே என்ன போடுவது என்று சிவில் பிரிவு நண்பர்கள் யாராவது சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சொல்ல வேண்டும். குகை உயரம் கொஞ்சம் கூட வைக்கலாம் என்று நான் சொன்னேன், பிற்காலத்தில் வேறு வண்டி விட வசதியாக இருக்குமே என்று. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மீட்டர் கேஜ் அளவுதான் வைப்பாராம். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு வண்டி கிளம்பும். இந்தப் பக்கம் வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள்.